அடியில் பழைய மண்

மலாக்காவின் செங் வட்டாரத்தில் இறால் வளர்க்கிறவர்கள் தொட்டிக்கு மண் வாங்குவதற்கு முன்னால் காளிதாஸிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வார்கள். இறால் என்றால் சம்பாலில் போடுகிற இறால் இல்லை. விரல் நகத்தளவு நீளம், சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட உடம்பு, நாள் முழுக்கக் கண்ணாடித் தொட்டிக்குள் பாசியைக் கிள்ளித் தின்றுகொண்டிருக்கும் அலங்கார இறால். பார்க்க அழகுதான். ஆனால் தண்ணீர் கொஞ்சம் மாறினாலும் மல்லாந்துவிடும்.

காளிதாஸுக்கு ஐம்பத்தொரு வயது. ஒரு தொழிற்சாலைக் கிடங்கில் இருபத்திரண்டு வருடமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அங்கே அவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. தூக்கச் சொன்னதைத் தூக்கி, வைக்கச் சொன்ன இடத்தில் வைத்தால் போதும். வீட்டுக்கு வந்து, குளித்து, பின்கட்டில் பதினோரு தொட்டிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் அவர் வேறு ஆள். கைப்பேசியில் கேள்விகள் வந்து நிற்கும். பதில் சொல்வதில் அவருக்கு அலுப்பே கிடையாது.

"குழாத் தண்ணி இதுங்களுக்கு ஆவாது லா. லேசா புளிப்பு இருக்கணும். அந்தப் புளிப்பக் குடுக்கிறது அடியில இருக்கிற மண்ணுதான்."

அந்த மண் மிளகளவு உருண்டைகளாகக் கறுப்பாக இருக்கும். தண்ணீரின் காரத்தைத் தன்னுள் இழுத்துக்கொண்டு, தண்ணீரைப் புளிப்பிலேயே பிடித்து நிறுத்தும். ஒரு வருடம், மிஞ்சினால் ஒன்றரை வருடம். பிறகு அதன் சத்து தீர்ந்துவிடும். ஆனால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. அதே கறுப்பு, அதே உருண்டை. "பழைய மண்ண மட்டும் திரும்பப் போடவே கூடாது. காயவச்சிப் போடுறது இன்னும் மோசம். அதுல செத்துக் காஞ்ச அழுக்கெல்லாம் தண்ணி பட்டதும் ஊறி விஷமாயிரும்." இதை அவர் ஐம்பது பேருக்காவது சொல்லியிருப்பார். சொன்ன வாய்க்குச் சொந்தக்காரர் என்ன செய்தார் என்பதுதான் இங்கே விஷயம்.

உஷாராணி அவருடைய ஒரே தங்கை, ஆறு வயது இளையவள். கணவர் தங்கையாவுக்குச் சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் வேலை. இருவரும் பதினெட்டு வருடம் வாடகை வீடுகளில் இருந்துவிட்டு, போன வருடக் கடைசியில் அங்கேயே ஒரு வீடு வாங்கினார்கள். பிள்ளை இல்லை. இரண்டு முறை வந்து தங்காமல் போனது. தை மாதம் புதுமனை புகுவிழா என்று முடிவானதும், அண்ணன் சீராக என்ன வேண்டும் என்று காளிதாஸ் கேட்டார். குளிர்பதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் என்று எதையாவது சொல்வாள் என்று நினைத்திருந்தார்.

"ஒங்க வீட்டுல இருக்கிற மாதிரி ஒரு எறாத் தொட்டி வேணும்ணே," என்றாள். "வேலை முடிஞ்சி வந்தா வீட்டுல ஏதாச்சும் ஒண்ணு அசைஞ்சிக்கிட்டு இருக்கணும்."

அவருக்கு நெஞ்சு நிறைந்துபோனது. தொட்டியையும் வடிகட்டியையும் தேடித் தேடி வாங்கினார். மண்ணுக்கு மட்டும் நூர்தீன் பாய் கடையில் ஒரு மணி நேரம் நின்றார். ஒரு வகை ஆரம்பத்தில் தண்ணீரைக் கெடுக்கும். இன்னொரு வகை சீக்கிரம் கரைந்து சேறாகும். மூன்றாவது வகைதான் நீண்ட நாள் நின்று உழைக்கும். "அவளுக்கு அடிக்கடி மாத்தத் தெரியாது பாய், நிக்கிற மண்ணாவே குடுங்க," என்று அதில் மூன்று பை வாங்கினார். கடையில் இருந்ததே அந்த மூன்று பைதான். அடுத்த சரக்கு சீனப் பெருநாளுக்குப் பிறகுதான் வரும் என்று பாய் சொல்லியிருந்தார்.

அந்த வாரமே அவருடைய நான்காம் தொட்டியில் தண்ணீர் மாறத் தொடங்கியது. நான்காம் தொட்டி சாதாரணத் தொட்டி இல்லை. சித்திரையில் மலாக்கா நகரில் நடக்கவிருந்த இறால் போட்டிக்காக மூன்று தலைமுறை பொறுக்கிப் பொறுக்கி வளர்த்த கூட்டம் அதில் இருந்தது. மண் தளர்ந்துவிட்டது. வெள்ளைப் பட்டைகள் மங்கின. இரண்டு செத்தன. வேறு மண் நம்பிப் போட முடியாது, இதே வகை எங்கும் இல்லை. வீட்டு மூலையில் தங்கையின் மூன்று பைகள் சாய்ந்து நின்றன.

ஒரு பையை வெட்டினார். போதவில்லை. இரண்டாவதையும் வெட்டினார். கடைசியில் மூன்றாவதிலும் அரைப் பைதான் மிஞ்சியது. போன வருடம் தொட்டியிலிருந்து அள்ளி, தகரத்தில் பரப்பி, வெயிலில் காயவைத்துப் பூச்செடிக்கென்று எடுத்து வைத்த பழைய மண் ஒரு வாளி இருந்தது. அதை உஷாராணியின் தொட்டியில் கொட்டினார். மேலே அந்த அரைப் பைப் புது மண்ணை ஒரு விரற்கடைக்குப் பரப்பினார். கையால் தடவிச் சமமாக்கினார். யார் பார்த்தாலும் ஒரே கறுப்பு.

சரக்கு வந்ததும் மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தார். பொய் இல்லை, மனதார அப்படித்தான் நினைத்தார். மனம் தனக்கு வேண்டியதை நினைப்பதில் கெட்டிக்காரத்தனம் காட்டும்.

புதுமனை புகுவிழாவில் பால் பொங்கியது, ஐயர் போனார், வந்தவர்கள் எல்லாரும் தொட்டி முன்னால் கூடிவிட்டார்கள். மலாயில் ஊடாங் என்றாலே இறால்தான், ஊர்ப் பெயரிலேயே அது இருக்கிறது, சீரும் இறாலா என்று தங்கையாவின் சித்தப்பா கிண்டல் செய்தார். உஷாராணி எதையும் காதில் வாங்காமல் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கண்ணாடிக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு எண்ணினாள். இருபது. "எல்லாம் நான் வந்தா முன்னுக்கு வருதுண்ணே," என்றாள். காளிதாஸ் கேசரித் தட்டோடு வெளியே போய் நின்றுகொண்டார்.

மூன்றாவது வாரம் முதல் இறால் செத்தது. பிறகு வாரம் இரண்டு, மூன்று. ஒவ்வொன்றுக்கும் அவள் அழைத்துச் சொன்னாள். சட்டை உரிக்க முடியாமல் பாதியில் நின்றுபோனது என்றாள். சாப்பாட்டைக் குறைக்கட்டுமா, விளக்கைக் குறைக்கட்டுமா என்று கேட்டாள். குறை என்றார். கூட்டு என்றார். வாரம் ஒருமுறை வடிகட்டிய தண்ணீரைப் புட்டிகளில் நிரப்பித் தாமே கொண்டுபோய்க் கொடுத்தார். சீனப் பெருநாள் வந்தது, போனது, கடைக்குச் சரக்கும் வந்தது. ஆனால் மண்ணை மாற்ற வேண்டுமானால் தொட்டியைக் காலி செய்ய வேண்டும். காலி செய்தால் ஏன் என்று கேட்பாள். அந்த ஏன் என்ற ஒரு சொல்லுக்குப் பயந்து அவர் கடைப் பக்கமே போகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வற்புறுத்தியதால் சோதனை மருந்தோடு போனார். கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து மூன்று சொட்டு விட்டார். புளிப்பு இருந்தால் மஞ்சளாக வேண்டும். தண்ணீர் பளிச்சென்று நீலமானது.

உஷாராணி தோளுக்குப் பின்னால் நின்றாள். "நீலம்னா நல்லதாண்ணே?"

"நல்லதுதான்," என்றார் காளிதாஸ். குழாயைச் சமையலறைத் தொட்டியில் கொட்டிக் கழுவி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அப்போ தண்ணி சரியாத்தான் இருக்கு," என்றாள் அவள். சற்று நேரம் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் பார்க்காதது மாதிரி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். காரில் உட்கார்ந்த பிறகு திரும்பப் போய்ச் சொல்லிவிடலாமா என்று தோன்றியது. போகவில்லை.

போட்டியில் அவருடைய இறாலுக்கு இரண்டாம் பரிசு. முழங்கை உயரக் கோப்பை. கோலாலம்பூர்க்காரர்கள் வந்து கை குலுக்கினார்கள். தம்முடைய வாழ்நாளில் மேடையில் பெயர் வாசிக்கப்பட்டது அதுதான் முதல் முறை என்பதால், அவர் அன்றைக்குக் கொஞ்சம் மிதப்பாகத்தான் இருந்தார். நூர்தீன் பாய் வந்து தட்டிக்கொடுத்துவிட்டுக் கேட்டார்: "ஏன் காளி, தங்கச்சி தொட்டியில எல்லாம் செத்துப்போச்சாமே? அந்த மண்ணுல அப்படி ஆவாதே. நம்ம சரக்குல ஏதும் கோளாறா?"

சுற்றிலும் நாலைந்து பேர் நின்றார்கள். பாயின் மண்ணைக் குறை சொல்ல முடியாது. தம்மைச் சொல்லிக்கொள்ள முடியாது. வாய் தானாக வழி கண்டுபிடித்தது.

"மண்ணு நல்ல மண்ணுதான் பாய். அவ கைராசி அப்படி. சின்னதுலேருந்தே அவ வளத்தா எதுவும் நிக்காது."

சிரித்தார்கள். அவரும் சிரித்தார். திரும்பினால் உஷாராணி நின்றாள். அண்ணன் பரிசு வாங்குவதைப் பார்க்க விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். அவள் முகம் ஒன்றும் மாறவில்லை. "வாழ்த்துகள்ணே," என்று சொல்லிக் கோப்பையைத் தொடப் போனவள், கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஐஸ்கிரீம் டப்பாவோடு செங் வீட்டுக்கு வந்தாள். டப்பாவில் நான்கு இறால்கள் இருந்தன. இருபதில் மிஞ்சியவை.

"ஒங்ககிட்டயே இருக்கட்டும்ணே. இதுங்களாச்சும் பொழைக்கட்டும்."

காளிதாஸின் மனைவி சாந்தி தேநீர் கலக்கி வந்தாள். மகள் தேவிஸ்ரீ ஆறு மாதக் கர்ப்பத்தோடு தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். அடுத்த மாதம் வளைகாப்பு. அவர்கள் வீட்டு வழக்கப்படி முதல் வளையலை அத்தைதான் போட வேண்டும். சாந்தி அந்தப் பேச்சை எடுத்ததும் உஷாராணி தேநீரைக் கீழே வைத்தாள்.

"நான் வரேன் அண்ணி. பின்னால ஒக்காந்துக்கிறேன். வளையல மட்டும் வேற யாரையாச்சும் போடச் சொல்லுங்க. நல்லபடியா பொறக்கவேண்டிய பிள்ளை. என் கை வேணாம்."

"என்ன பேச்சு இது?" என்றாள் சாந்தி.

"அண்ணனே சொல்லிட்டாரு," என்றாள் உஷாராணி. கோபமாகச் சொல்லவில்லை. மருத்துவர் சொன்னதைத் திரும்பச் சொல்கிறவளைப் போலச் சொன்னாள். காளிதாஸ் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார்.

அவருக்கு ஒன்பது கோழிக்குஞ்சுகள் நினைவுக்கு வந்தன. உஷாராணிக்கு அப்போது ஏழு வயது. அவர்கள் குடியிருந்த ரப்பர் தோட்டத்தில் எல்லார் வீட்டுக் குஞ்சுகளையும் நோய் கொண்டுபோன வருடம் அது. அவள் கூடையில் வைத்து வளர்த்த ஒன்பதும் செத்தன. "நீ தொட்டா வெளங்காது," என்று முதலில் சொன்னவர் பதின்மூன்று வயதுக் காளிதாஸ்தான். விளையாட்டாகச் சொன்னது. செடி பட்டுப்போனாலும் பால் திரிந்தாலும் வீட்டில் அதையே சொல்லிச் சிரிப்பார்கள். முதல் பிள்ளை தங்காதபோது யாரும் சொல்லவில்லை. அவளே மருத்துவமனைக் கட்டிலில் சொல்லிக்கொண்டாள். அன்றைக்கு அதைக் கேட்டு அழுதவர்தான் இவர். அழுதுவிட்டு, மறந்தும் விட்டார்.

நான்கு இறால்களையும் தனித் தொட்டியில் விட்டார். அந்தப் பக்கம் பார்க்கவே கூசியது. பத்து நாள் கழித்துத் தண்ணீர் மாற்றும்போதுதான் கவனித்தார். ஒன்று மட்டும் வயிறு பருத்து, பாசி மறைவில் ஒதுங்கி நின்றது. கைப்பேசி வெளிச்சத்தை அடித்துப் பார்த்தார். வாலுக்கடியில் முட்டைகள். குறைந்தது இருபது இருக்கும். ஒவ்வொரு முட்டைக்குள்ளும் கடுகில் பாதிகூட இல்லாத இரண்டு கறுப்புப் புள்ளிகள். கண் வந்துவிட்டது.

முட்டையில் கண் வர மூன்று வாரமாகும். இது வந்து பத்து நாள்தான் ஆகிறது. இந்தக் கணக்கை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தச் செத்த மண்ணில், அந்த நீலத் தண்ணீரில், சுற்றி எல்லாம் செத்துக்கொண்டிருந்தபோது, உஷாராணியின் கையால் தின்று இது சினை பிடித்திருக்கிறது. காளிதாஸ் அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். தம்மைப் போல ஒரு கேவலமான பிறவி இருக்க முடியாது என்று அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது.

மறுநாள் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுச் சுங்கை ஊடாங் போனார். தங்கையா வேலைக்குப் போயிருந்தார். கூடத்தில் விளக்கில்லாமல் தொட்டி வெறுமையாக நின்றது. தண்ணீரை மட்டும் அவள் கொட்டாமல் வைத்திருந்தாள். காளிதாஸ் சட்டைக் கையை மடக்கி, தொட்டிக்குள் முழங்கை வரை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளினார். தண்ணீர் சாம்பல் நிறமாகக் கலங்கியது. சாக்கடை வாடை வந்தது. வெள்ளைப் பீங்கான் தட்டில் அந்தப் பிடியை வைத்தார்.

"இது என்னோட பழைய மண்ணு உஷா. செத்த மண்ணு. ஒனக்கு வாங்குனத என் போட்டித் தொட்டிக்குப் போட்டுட்டேன். மேல மட்டும் புதுசத் தூவுனேன். அன்னிக்கு நீலம் வந்தது நல்லது இல்ல. தெரிஞ்சிதான் நல்லதுன்னு சொன்னேன். ஒன் கையில ஒண்ணும் இல்ல. ஒன்னோட நாலுல ஒண்ணு சினையா இருக்கு. இங்கயே புடிச்சது."

உஷாராணி தட்டைப் பார்த்தாள். ஓர் உருண்டையை எடுத்து விரலால் அழுத்தினாள். அது சேறாக நசுங்கியது.

"மண்ணு போனாப் போவுது," என்றாள். "நீங்க கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன். ஒவ்வொண்ணும் சாவும்போது ஒங்களுக்குத்தான போன் போட்டேன். கேட்டுக்கிட்டுத்தான இருந்தீங்க?"

"ஆமா."

"தங்கையா கேட்டாரு, ஏன் குளிச்சிட்டுத்தான் தொட்டிகிட்ட போறேன்னு. பதினாறு எறாலு செத்துருச்சிண்ணே. ஒவ்வொரு தடவையும் நான் என் கையத்தான் பாத்தேன்."

காளிதாஸ் மன்னிப்புக் கேட்டார். அந்தச் சொல் அந்தக் கூடத்தில் எங்கும் போய் ஒட்டவில்லை.

"எல்லார் முன்னாலயும் கைராசின்னு சொன்னீங்க," என்றாள். "இதையும் எல்லார் முன்னாலயும் சொல்லுங்க. அப்பறமா நான் வளையல் போடுறேன். இல்லாட்டி வேணாம்."

வளைகாப்பன்று வாசலில் கூடாரம். அறுபது பேர். நூர்தீன் பாயும் மனைவியும் வந்திருந்தார்கள். தேவிஸ்ரீ பச்சைப் பட்டில் நாற்காலியில் இருந்தாள். சந்தனமும் குங்குமமும் வளையலும் தட்டுகளில் காத்திருந்தன. உஷாராணி கடைசி வரிசையில், கைப்பையை மடியில் வைத்து அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒலிபெருக்கியில் ஓடிய பாட்டைக் காளிதாஸ் நிறுத்தினார்.

சொன்னார். மேடையில் பெயர் வாசித்தபோது நேராக நின்ற மனிதருக்கு இப்போது கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. தங்கையின் சீரில் பழைய மண்ணைப் போட்டதையும், நீலத்தை நல்லது என்றதையும், பாயிடம் சொன்ன வார்த்தையையும் சொன்னார். முதலில் யாரோ சிரித்தார்கள். "எறாலுக்கா இவ்ளோ பெரிய பேச்சு?" என்றது ஒரு குரல். தங்கையா திரும்பிப் பார்த்தார். அந்தக் குரல் அடங்கியது.

"எறாலுக்கு இல்ல," என்றார் காளிதாஸ். அவள் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொன்னார். "சின்னதுல கோழிக்குஞ்சு சீக்குல செத்துச்சு. அப்ப ஒன் கை வெளங்காதுன்னு மொதமொதல்ல சொன்னது நான்தான். அது விளையாட்டு. அதையே இத்தனை வருசமா எல்லாரும் சொல்லிட்டோம். அவளும் நம்பிட்டா. தப்பு என்னோடது."

நூர்தீன் பாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உஷாராணி எழுந்தாள். கைப்பையைத் தங்கையாவிடம் கொடுத்துவிட்டு, நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வந்து, சந்தனத்தைத் தொட்டுத் தேவிஸ்ரீயின் இரண்டு கைகளிலும் பூசினாள். முதல் வளையலை எடுத்துப் போட்டாள். இரண்டாவதையும் அவளே போட்டாள். அண்ணன் பக்கம் அவள் திரும்பவே இல்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

மறு ஞாயிறு மூன்று புதுப் பைகளோடு அவர் சுங்கை ஊடாங் போனார். பழைய மண்ணை அள்ளி வெளியே கொண்டுபோகிற வேலையை மட்டும் அவரிடம் விட்டாள். பைகளை அவளே வெட்டினாள். உள்ளே கையை விட்டுக் கடைசி வரை கிளறிப் பார்த்துவிட்டு, அவளே கொட்டிப் பரப்பினாள். தண்ணீர் பக்குவப்பட ஒன்றரை மாதம் ஆனது. அந்தத் தாயும் மற்ற மூன்றும், பொரிந்த பதினெட்டுக் குஞ்சுகளும் ஐஸ்கிரீம் டப்பாவில் வந்தன.

விடுவதற்கு முன்னால் காளிதாஸ் வழக்கம்போலச் சட்டைப் பையிலிருந்து சோதனைக் குழாயை எடுத்தார். உஷாராணி கையை நீட்டினாள். அவர் கொடுத்தார். தண்ணீரை எடுத்தாள், மூன்று சொட்டு எண்ணி விட்டாள், மூடிக் குலுக்கினாள், சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். மஞ்சள்.

காளிதாஸ் காத்திருந்தார். நல்லதாண்ணே என்று அவள் கேட்டால் சொல்லப் பதில் தயாராக இருந்தது. அவள் கேட்கவில்லை. குழாயைக் கழுவித் தன் அலமாரியில் வைத்துக்கொண்டு, டப்பாவைத் திறந்தாள்.